மருத்துவமனைத் தொற்றுக் கிருமிகளும் பயோஃபிலிம் மரபணுக்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுண்ணுயிரியல் மாணவர்கள், செவிலியர்கள், ஆய்வகத்தில் வேலை பார்ப்பவர்கள், சில நேரம் நோயாளிகளின் வீட்டார் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வரிசையாகப் படித்தாக வேண்டும் என்பதில்லை. ஆனால் பிசிஆர் (குறிப்பிட்ட மரபணு இருக்கிறதா என்று டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் சோதனை) செய்து ஆய்வறிக்கை எழுதப் போகிறவர்கள், பிற்பகுதியில் உள்ள ஆய்வகக் கேள்விகளைத் தாண்டிப் போய்விட வேண்டாம்.

பயோஃபிலிம் என்றால் என்ன?

ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாமே சுரந்த கொழகொழப்பான பொருளுக்குள் புதைந்து, கூட்டமாக வாழும் நுண்ணுயிர்கள்தான் பயோஃபிலிம். உயிரிப்படலம் என்றும் எழுதுவார்கள். அந்தக் கொழகொழப்பில் சர்க்கரைச் சங்கிலிகள், புரதங்கள், செல்களிலிருந்து வெளியே வந்த டிஎன்ஏ எல்லாம் கலந்திருக்கும். மீதி பெரும்பாலும் தண்ணீர்தான்.

17ஆம் நூற்றாண்டில் லீவன்ஹூக் தன் பல்லிலிருந்து சுரண்டியெடுத்து லென்ஸில் பார்த்த அழுக்கும் பயோஃபிலிம்தான். ஆனால் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தனித்தனியாக நீந்துவதில்லை, ஒட்டித்தான் வாழ்கின்றன என்ற எண்ணம் அறிவியல் உலகில் வேரூன்றியது 1978க்குப் பிறகு. அதற்கு முக்கியக் காரணம் நுண்ணுயிரியலாளர் பில் காஸ்டர்டன்.

மருத்துவமனையில் இதற்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

மருத்துவமனையில் உடலுக்குள் போகும் பொருள்கள் அதிகம். சிறுநீர்க் குழாய், மத்திய சிரைக் கதீட்டர், வென்டிலேட்டர் குழாய், செயற்கை மூட்டு, செயற்கை இதய வால்வு, பேஸ்மேக்கர். இவற்றின் பரப்பு உயிரற்றது. ரத்த ஓட்டமோ, தற்காத்துக்கொள்ளும் செல்களோ அதில் கிடையாது. உள்ளே வைத்த கொஞ்ச நேரத்திலேயே ரத்தத்திலும் திசுக்களிலும் உள்ள ஃபைப்ரினோஜன், ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதங்கள் அதன்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்துவிடும். பல கிருமிகளுக்கு வெறும் பிளாஸ்டிக்கை விட இந்தப் பூச்சுதான் வசதி. அதைப் பிடித்துக்கொள்ளத் தேவையான புரதங்கள் அவற்றிடம் தயாராக இருக்கின்றன.

1982இல் வெளியான ஓர் ஆய்வு இதைக் கண்முன் காட்டியது. பேஸ்மேக்கர் பொருத்திய ஒருவருக்கு ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் ரத்தத் தொற்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. கடைசியில் வெளியே எடுத்த பேஸ்மேக்கர் கம்பியை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, கிருமிகள் அடர்த்தியான பொருளில் புதைந்து அடுக்கடுக்காக ஒட்டியிருந்தன. ரத்தத்தில் இருந்ததை மருந்து கொன்றது, கம்பியில் இருந்ததைத் தொடவில்லை. இன்றைக்கும் 'மருந்து கொடுத்தால் காய்ச்சல் இறங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது' என்று கேள்விப்பட்டால், உடலுக்குள் இருக்கும் பொருள்மேல் முதலில் சந்தேகம் வருவது இதனால்தான்.

'பயோஃபிலிம் ஜீன்' என்று தனியாக ஒன்று உண்டா?

கிடையாது. ஒவ்வொரு கிருமியிலும் பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை இது. சில மரபணுக்கள் ஒட்டுவதற்கு, சில கொழகொழப்பைத் தயாரிக்க. இன்னும் சில எப்போது ஒட்டுவது, எப்போது பிரிந்து போவது என்பதைத் தீர்மானிக்கின்றன. முதல் இரண்டு வகைகளைப் பிசிஆரில் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். நோயாளியின் உடலில் நடப்பதை முடிவு செய்வது பெரும்பாலும் மூன்றாவது வகை. இந்தப் பக்கம் முழுக்க நான் வலியுறுத்தப் போவது இதைத்தான்: மரபணு இருக்கிறதா என்பது பாதிக் கேள்வி, அது எப்போது வேலை செய்கிறது என்பது மீதிப் பாதி.

ஸ்டஃபைலோகாக்கஸ் என்றதும் எல்லோரும் சொல்லும் 'இகா' மரபணு என்ன செய்கிறது?

இகா என்பது ஒரே மரபணு அல்ல. இகா-ஏ, இகா-டி, இகா-பி, இகா-சி என்று 4 மரபணுக்கள் அடுத்தடுத்து அமைந்த ஓர் ஓபரான், அதாவது ஒன்றாக இயங்கும் மரபணுத் தொகுதி. 1996இல் ஸ்டஃபைலோகாக்கஸ் எபிடெர்மிடிஸில் முதலில் விவரிக்கப்பட்டது. 1999இல் ஆரியஸிலும் இருப்பது தெரிந்தது. நான்கும் சேர்ந்து தயாரிப்பது ஒரு சர்க்கரைச் சங்கிலி. என்-அசிட்டைல் குளுக்கோசமைன் என்ற சர்க்கரை மூலக்கூறுகள் வரிசையாகக் கோத்த பாலிமர் அது. பிஐஏ என்றும் பிஎன்ஏஜி என்றும் கட்டுரைகளில் வருவது இதுதான்.

வேலைப் பிரிவினையைப் பாருங்கள். சர்க்கரைகளை இணைக்கும் என்சைம் இகா-ஏ. அது தனியாக இருந்தால் மந்தம், இகா-டி கூட இருந்தால்தான் முழு வேகம். சங்கிலி வெளியே வருவதோடும் அதன் இறுதி வடிவத்தோடும் தொடர்புடையது இகா-சி. எனக்கு மிகவும் பிடித்தது இகா-பி. வெளியே வந்த சங்கிலியில் அங்கங்கே அசிட்டைல் குழுவை நீக்கிவிடுவது அதன் வேலை. நீக்கிய இடத்தில் நேர்மின்னூட்டம் வரும், பாக்டீரியாவின் மேற்பரப்போ எதிர்மின்னூட்டம் கொண்டது. அதனால் சங்கிலி செல்லோடு ஒட்டி நிற்கிறது. இகா-பி பழுதான எபிடெர்மிடிஸ் கிருமி சங்கிலியைத் தயாரிக்கும், ஆனால் பிடித்து வைத்துக்கொள்ள முடியாமல் சுற்றியுள்ள திரவத்தில் விட்டுவிடும். படலமும் உருவாகாது, வெள்ளை அணுக்களிடமிருந்து தப்பிக்கவும் சிரமப்படும். இவ்வளவு சின்ன வேதியியல் மாற்றத்தில் இவ்வளவு பெரிய விளைவு!

இந்த ஓபரானுக்குப் பக்கத்திலேயே எதிர்த்திசையில் இகா-ஆர் இருக்கிறது. அது தடுப்பான். அது உட்கார்ந்திருக்கும் வரை மற்ற நான்கும் அடங்கிக் கிடக்கும். உப்பு, எத்தனால், ஆக்சிஜன் குறைவு போன்ற நெருக்கடிகள் வந்தால் இகா வெளிப்பாடு கூடுகிறது. எத்தனால் இகா-ஆர் வழியாகவே வேலை செய்கிறது.

இகா இல்லாத ஸ்டஃபைலோகாக்கஸ் பயோஃபிலிம் உருவாக்காதா?

தாராளமாக உருவாக்கும். மெதிசிலின் எதிர்ப்புள்ள ஆரியஸ், அதாவது எம்ஆர்எஸ்ஏ, பல நேரம் இகா பாதையை நம்பியே இருப்பதில்லை. ஃபைப்ரோனெக்டின் பிணைப்புப் புரதங்களைத் தரும் எஃப்என்பி-ஏ, எஃப்என்பி-பி மரபணுக்களையும், செல்லை உடைத்து டிஎன்ஏவை வெளிவிடும் ஏடிஎல் என்ற ஆட்டோலைசினையும் வைத்துப் படலம் கட்டுகிறது. எபிடெர்மிடிஸுக்கு ஏஏபி என்ற புரதம் இருக்கிறது, ஆரியஸில் அதற்கு ஈடானது சாஸ்-ஜி. துத்தநாகம் இருந்தால் இந்தப் புரதங்கள் ஒரு செல்லிலிருந்து இன்னொரு செல்லுக்குக் கை கோத்துக்கொள்ளும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. ஆரியஸுக்கான பிசிஆர் பட்டியலில் 'பாப்' மரபணுவையும் சேர்ப்பவர்கள் நிறைய. 2001இல் அது கண்டுபிடிக்கப்பட்டது பசுக்களின் மடிநோயிலிருந்து எடுத்த ஆரியஸில். மனிதத் தொற்றுகளிலிருந்து எடுத்த ஆரியஸில் அதைக் காண்பது அபூர்வம். 'பாப் நெகட்டிவ்' என்று வந்தால் அதை ஒரு கண்டுபிடிப்பாக எழுத வேண்டாம்.

ஏஜிஆர் என்ற அமைப்பு பயோஃபிலிமைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா?

ஸ்டஃபைலோகாக்கஸில் குறைக்கிறது. பலருக்கு இங்கேதான் குழப்பம் வரும்.

ஏஜிஆர் என்பது கூட்டத்தின் அடர்த்தியை அறியும் அமைப்பு. குவோரம் சென்சிங் என்பது இப்படி அறிவதைத்தான். ஏஜிஆர்-டி ஒரு சிறு பெப்டைடைத் தருகிறது, ஏஜிஆர்-பி அதைச் செதுக்கி வெளியே அனுப்புகிறது. வெளியே அதன் அளவு கூடும்போது ஏஜிஆர்-சி உணர்ந்து ஏஜிஆர்-ஏவுக்குத் தகவல் சொல்கிறது. விளைவாக ஆர்என்ஏ-III என்ற ஆர்என்ஏ மூலக்கூறு பெருகி, ஒட்டும் புரதங்கள் குறைந்து, நச்சுகளும், புரதத்தை உடைக்கும் புரோட்டியேஸ்களும் கூடுகின்றன. ஏஜிஆர்-ஏ நேரடியாகவே தூண்டும் பிஎஸ்எம் பெப்டைடுகள் சோப்பின் தன்மை கொண்டவை. படலத்தைப் பிளந்து செல்களை அவிழ்த்துவிடுவது அவைதான். ஆக ஏஜிஆர் விழித்தால் படலம் கலைந்து, கிருமி ரத்தத்தில் பரவும். ஏஜிஆர் பழுதானால் படலம் தடிக்கும். நீண்ட நாள் நீடிக்கும் ஆரியஸ் ரத்தத் தொற்றுகளில் ஏஜிஆர் செயலிழந்த கிருமிகள் கணிசமாகக் கிடைப்பது இதோடு பொருந்திப் போகிறது.

இதனால் எனக்கு ஒரு கவலை உண்டு. 'குவோரம் சென்சிங்கைத் தடுத்தால் பயோஃபிலிம் போய்விடும்' என்ற வாக்கியத்தைப் பொதுவாக எல்லாக் கிருமிகளுக்கும் எழுதிவிடுகிறார்கள். ஸ்டஃபைலோகாக்கஸில் அப்படித் தடுத்தால் நச்சு குறையலாம், ஆனால் குழாயில் ஒட்டியிருப்பது இன்னும் உறுதியாகவும் ஆகலாம்.

சூடோமோனாஸில் எப்படி?

சூடோமோனாஸ் ஏருஜினோசாவில் கதை கிட்டத்தட்ட தலைகீழ். அங்கே லாஸ், ஆர்எச்எல் என்று இரண்டு முக்கியமான அடர்த்தி உணரும் அமைப்புகள், இரண்டுக்கும் தூது போவது ஹோமோசெரீன் லாக்டோன் மூலக்கூறுகள். லாஸ்-ஐ மரபணுவை நீக்கிய கிருமி தட்டையான, முதிராத படலத்தைத்தான் கட்டியது என்றும், சோப்புக் கரைசல் பட்டதும் அது கலைந்துவிட்டது என்றும் 1998இல் ஓர் ஆய்வு காட்டியது. அந்த ஒரு கட்டுரைக்குப் பிறகு இந்தத் துறைக்குள் வந்தவர்கள் ஏராளம். பின்னால் வந்த ஆய்வுகளில், வளர்க்கும் ஊடகத்தையும் திரவம் ஓடும் வேகத்தையும் பொறுத்து இந்த விளைவு மாறுகிறது என்றும் தெரிந்தது.

கொழகொழப்புக்கு சூடோமோனாஸிடம் மூன்று சர்க்கரைகள்: பிஎஸ்எல், பெல், ஆல்ஜினேட். மூன்றுக்கும் தனித்தனி மரபணுத் தொகுதிகள். பிஎஸ்எல்லில் மானோஸ், குளுக்கோஸ், ராம்னோஸ் மூன்றும் உண்டு. பெல் நேர்மின்னூட்டம் கொண்டது, வெளியே கிடக்கும் டிஎன்ஏவோடு கோத்துக்கொள்ளும். உலகெங்கும் ஆய்வகங்களில் வளர்க்கும் இரண்டு வகைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பிஏஓ-1 பெரும்பாலும் பிஎஸ்எல்லை நம்பி நிற்கிறது. பிஏ-14இல் பிஎஸ்எல் தொகுதியின் முதல் சில மரபணுக்களே இல்லை, அது பெல்லை வைத்துத்தான் சமாளிக்கிறது. இரண்டுமே நன்றாகப் படலம் கட்டும். பிஎஸ்எல் மட்டும் பார்க்கும் பிசிஆர் வைத்திருந்தால் பிஏ-14ஐ 'படலம் கட்டாதது' என்று எழுதியிருப்போம்.

ஆல்ஜினேட்டின் இடம் வேறு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களின் நுரையீரலில் சூடோமோனாஸ் ஆண்டுக்கணக்கில் குடியிருக்கும்போது மக்-ஏ என்ற மரபணுவில் பிறழ்வு வருவது வழக்கம். மக்-ஏ புரதம் ஆல்க்-யு என்ற காரணியைப் பிடித்து வைத்திருக்கும். பிறழ்வு வந்ததும் அது விடுபட்டு, ஆல்க்-டி தொகுதியைத் தூண்டி, ஆல்ஜினேட் வழிய ஆரம்பிக்கும். தட்டில் வளர்த்தால் காலனிகள் ஈரமாக, சளி மாதிரி வழுக்கிக்கொண்டு இருக்கும். பார்த்தவுடன் தெரியும்.

நீந்தும் கிருமி 'இனி ஒட்டலாம்' என்று எப்படி முடிவெடுக்கிறது?

சூடோமோனாஸ், ஈ. கோலி போன்ற கிராம் நெகட்டிவ் கிருமிகள் பலவற்றில் இந்த முடிவின் மையம் சைக்ளிக் டை-ஜிஎம்பி என்ற சிறு மூலக்கூறு. 1987இல் செல்லுலோஸ் தயாரிக்கும் ஒரு பாக்டீரியாவை ஆராயும்போது கண்டுபிடித்தார்கள். மருத்துவமனைத் தொற்றோடு சம்பந்தமே இல்லாத ஆராய்ச்சி அது. செல்லுக்குள் இதன் அளவு கூடினால் ஒட்டும், குறைந்தால் நீந்தும். பொதுவான விதி அவ்வளவுதான்.

தயாரிக்கும் என்சைம்களில் ஜிஜிடிஇஎஃப் என்ற பகுதியும், உடைக்கும் என்சைம்களில் ஈஏஎல் அல்லது எச்டி-ஜிஒய்பி என்ற பகுதியும் இருக்கும். சூடோமோனாஸில் இப்படிப்பட்ட புரதங்களுக்கு மட்டும் சுமார் 40 மரபணுக்கள். ஏன் இத்தனை என்றால், ஒவ்வொன்றும் வெவ்வேறு சமிக்ஞைக்குச் செவிசாய்க்கிறது. பரப்பைத் தொட்டதை உணர்ந்து டபிள்யூஎஸ்பி அமைப்பு ஒன்றைத் தூண்டுகிறது, ஆக்சிஜன் குறைவது இன்னொன்றைத் தூண்டுகிறது. ஃபிளெக்-க்யூ என்ற புரதம் சாதாரணமாக பெல் தொகுதியைத் தடுத்து வைத்திருக்கும். சைக்ளிக் டை-ஜிஎம்பி வந்து பிணைந்ததும் அதே புரதம் பெல்லைத் தூண்டுவதாக மாறிவிடும். அதே சமயம் நீந்தும் கசையிழைக்கான மரபணுக்கள் அடங்கும். தடுப்பதும் தூண்டுவதும் ஒரே புரதம்!

ஸ்டஃபைலோகாக்கஸ் இந்தக் கணக்கில் வராது. அது சைக்ளிக் டை-ஜிஎம்பியைப் பயன்படுத்துவதாகத் தெரியவில்லை, சைக்ளிக் டை-ஏஎம்பிதான் அதன் மூலக்கூறு.

அசினெட்டோபாக்டரும் கிளெப்சியெல்லாவும்?

அசினெட்டோபாக்டர் பௌமானி காய்ந்த பரப்புகளில் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். தீவிர சிகிச்சைப் பிரிவில் அதைத் துடைத்தொழிப்பது பெரும்பாடாக இருப்பதற்கு இது ஒரு காரணம். பிளாஸ்டிக்கில் ஒட்ட அதற்கு சிஎஸ்யூ என்ற தொகுதி தரும் மெல்லிய இழைகள் உதவுகின்றன. இழையின் நுனி நீரை வெறுக்கும் தன்மை கொண்டது, பிளாஸ்டிக்கும் அப்படியே. பிஎஃப்எம்-ஆர், பிஎஃப்எம்-எஸ் என்ற ஜோடி இந்தத் தொகுதியைக் கட்டுப்படுத்துகிறது. கவனிக்க வேண்டியது: மனிதச் செல்களில் ஒட்டுவதற்கு சிஎஸ்யூ இழைகள் தேவையில்லை. அதாவது பிளாஸ்டிக் தட்டில் செய்யும் சோதனை, நுரையீரலில் நடப்பதைச் சொல்லாது. இதோடு பாப் புரதம் (ஸ்டஃபைலோகாக்கஸின் பாப்பை ஒத்தது), ஓஎம்பி-ஏ, பிஎன்ஏஜி சர்க்கரையைத் தரும் பிஜிஏ தொகுதி, அபா-ஐ அடர்த்தி உணரி ஆகியவையும் பங்கெடுக்கின்றன.

கிளெப்சியெல்லா நிமோனியேவில் முதலில் பார்க்க வேண்டியது எம்ஆர்கே தொகுதி. மூன்றாம் வகை இழைகளை அது தருகிறது. எம்ஆர்கே-ஏ இழையின் உடல், எம்ஆர்கே-டி ஒட்டும் நுனி. எம்ஆர்கே-எச் என்ற சீராக்கி, சைக்ளிக் டை-ஜிஎம்பி பிணைந்தால்தான் இவற்றைத் தூண்டும். தடித்த கேப்சூல் (செல்லைச் சுற்றியுள்ள சர்க்கரை உறை) இருந்தால் குட்டையான ஒட்டிழைகள் அதற்குள் புதைந்து, ஒட்டும் திறன் குறையவும் கூடும். கேப்சூல் கூடினால் பயோஃபிலிமும் கூடும் என்று நினைக்காதீர்கள்.

சிறுநீர்க் குழாய்த் தொற்றில் எந்த மரபணுக்கள்?

இங்கே ஆள் பலர். ஈ. கோலியில் முதல் வகை இழையின் நுனியான ஃபிம்-எச், சுருள் இழைகளைத் தரும் சிஎஸ்ஜி, செல்லுலோஸுக்கான பிசிஎஸ். எண்டெரோகாக்கஸ் ஃபீகாலிஸில் ஈபிபி இழைகள், ஈஎஸ்பி புரதம், ஜெல்-ஈ.

ஈபிபி பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழாய் உரசுவதால் சிறுநீர்ப்பை அழன்று, ஃபைப்ரினோஜன் கசிந்து, குழாயின்மேல் படிகிறது. ஈபிபி-ஏ பிடித்துக்கொள்வது அந்த ஃபைப்ரினோஜனைத்தான். நம் உடலின் காயமாற்றும் பொருளே கிருமிக்கு ஏணியாகிறது. ஈபிபி-ஏவுக்கு எதிரான தடுப்பூசி எலிகளைக் குழாய்த் தொற்றிலிருந்து காத்ததாக 2014இல் வெளியானது. மனிதர்களுக்கு இதே பாதை எடுபட வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

புரோட்டியஸ் மிராபிலிஸ் இன்னும் மோசம். அதன் யூரியேஸ் மரபணுக்கள் தரும் என்சைம் சிறுநீரில் உள்ள யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்குகிறது. சிறுநீர் காரத்தன்மை அடைகிறது. உடனே மெக்னீசியம் அம்மோனியம் பாஸ்பேட்டும் கால்சியம் பாஸ்பேட்டும் படிகங்களாகப் படலத்துக்குள்ளேயே விழுகின்றன. அடைத்துப்போன குழாயை நீளவாக்கில் வெட்டிப் பார்த்தால், உள்ளே சுண்ணாம்பு படிந்த மாதிரி வெளுத்த, கரகரப்பான பூச்சு. நுனிக்கு அருகிலும் பக்கத்துளையிலும்தான் அதிகம் அடைந்திருக்கும். யூரியேஸ் இல்லாமல் செய்யப்பட்ட புரோட்டியஸ் ஆய்வக மாதிரிச் சிறுநீர்ப்பையில் இப்படி அடைப்பை உண்டாக்குவதில்லை. வழக்கமாக யாரும் 'பயோஃபிலிம் மரபணு' பட்டியலில் சேர்க்காத ஒன்று, நோயாளிக்கு அதிக வேதனை தருவதில் முன்னால் நிற்கிறது.

பயோஃபிலிமில் மருந்து ஏன் வேலை செய்வதில்லை? எதிர்ப்பு மரபணு வந்துவிடுகிறதா?

அவசியமில்லை. அதே கிருமியைப் படலத்திலிருந்து பிரித்துத் திரவத்தில் வளர்த்தால், பெரும்பாலும் பழையபடி மருந்துக்குப் பணியும். ஆகவே இதை எதிர்ப்பு என்று சொல்லாமல் தாங்குதிறன் என்கிறார்கள். படலத்தில் உள்ள கிருமியைக் கொல்லத் தேவைப்படும் அளவு, திரவத்தில் தேவைப்படுவதை விட 10 முதல் 1,000 மடங்கு வரை போகலாம். உடலுக்குக் கொடுக்கக்கூடிய அளவையெல்லாம் இது தாண்டிவிடும்.

காரணம் ஒன்றல்ல. படலத்தின் ஆழத்தில் ஆக்சிஜனும் உணவும் குறைவு. அங்குள்ள செல்கள் மெதுவாக வளர்கின்றன. வளரும் செல்லைத் தாக்கும் மருந்துகளுக்கு அங்கே பிடி கிடைப்பதில்லை. நேர்மின்னூட்டம் கொண்ட அமினோகிளைகோசைடு மருந்துகளை, எதிர்மின்னூட்டம் கொண்ட டிஎன்ஏவும் ஆல்ஜினேட்டும் வழியிலேயே பிடித்துக்கொள்கின்றன. சூடோமோனாஸில் என்டிவி-பி என்ற மரபணு தரும் குளூக்கன்கள் டோப்ராமைசினைப் பிணைத்து வைப்பதாக 2003இல் காட்டினார்கள். அந்த மரபணுவை நீக்கினால் படலத்தின் வடிவம் மாறவில்லை, மருந்துத் தாங்குதிறன் மட்டும் குறைந்தது.

அப்புறம் பெர்சிஸ்டர் செல்கள். 1944இல் ஜோசப் பிக்கர் பென்சிலினுக்கு சாகாமல் மிஞ்சிய ஸ்டஃபைலோகாக்கஸ் செல்களுக்கு வைத்த பெயர் அது. அவை உறங்கும் செல்கள், பிறழ்வு எதுவும் அவற்றில் இல்லை. மருந்து நின்றதும் எழுந்து பெருகும்.

அப்படியென்றால், அதிகமாகப் படலம் கட்டும் கிருமிதான் அதிக மருந்து எதிர்ப்பும் உள்ளதா?

அப்படி ஒரு விதி இல்லை. சில ஆய்வுகளில் இரண்டும் சேர்ந்து போகின்றன, சிலவற்றில் எதிராகப் போகின்றன. உதாரணமாக, ஆரியஸில் மெதிசிலின் எதிர்ப்பைத் தரும் மெக்-ஏ மரபணு அதிகம் வெளிப்பட்டால் இகா சார்ந்த சர்க்கரைப் படலம் ஒடுங்கி, புரதப் படலம் மேலோங்குவதாகத் தெரிந்திருக்கிறது. ஆனால் படலத்துக்குள் செல்கள் நெருக்கமாக இருப்பதால் பிளாஸ்மிட் (செல்லிலிருந்து செல்லுக்குப் போகக்கூடிய சிறு டிஎன்ஏ வளையம்) பரிமாற்றம் எளிதாகிறது, எதிர்ப்பு மரபணுக்கள் கைமாற அது நல்ல இடம். ஈ. கோலியில் இன்னொரு படி மேலே: பரிமாற்றப் பிளாஸ்மிட் தரும் இழைகளே படலம் கட்டத் தூண்டுகின்றன என்று 2001இல் காட்டப்பட்டது.

ஆய்வகத்தில் பயோஃபிலிமை எப்படி அளக்கிறார்கள்?

மிகவும் புழக்கத்தில் இருப்பது 96 குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டும் கிரிஸ்டல் வயலெட் சாயமும். கிருமியை ஊடகத்தோடு குழிகளில் ஊற்றி 24 மணி நேரம் வைக்க வேண்டும். ஸ்டஃபைலோகாக்கஸ் என்றால் டிரிப்டிக் சோய் பிராத்தில் கொஞ்சம் குளுக்கோஸ் சேர்ப்பார்கள். பிறகு திரவத்தைக் கொட்டிவிட்டு, கழுவி, 0.1% சாயம் ஊற்றி, மீண்டும் கழுவி, காயவைத்து, ஒட்டியிருக்கும் சாயத்தை எத்தனாலிலோ 30% அசிட்டிக் அமிலத்திலோ கரைத்து, 550 முதல் 600 நானோமீட்டர் வரையில் ஒளியடர்த்தி பார்க்கலாம். நன்றாகப் படலம் கட்டிய குழியில் அடிப்பாகமோ, திரவமும் காற்றும் சந்திக்கும் விளிம்போ அடர் ஊதா வளையமாகத் தெரியும். சூடோமோனாஸில் அந்த விளிம்பு வளையம் அழகாக வரும்.

வகைப்படுத்த: கிருமி இல்லாத குழிகளின் சராசரியோடு 3 மடங்கு திட்டவிலக்கத்தைக் கூட்டி வரம்பு வைத்துக்கொள்கிறார்கள். வரம்புக்குள் இருந்தால் படலம் இல்லை, இரண்டு மடங்கு வரை பலவீனம், நான்கு மடங்கு வரை நடுத்தரம், அதற்கு மேல் வலுவானது.

பிழை நுழைவது கழுவும் இடத்தில். பிப்பெட்டை வேகமாக அழுத்தினால் படலம் பிய்ந்து போகும், பயந்து லேசாகக் கழுவினால் ஒட்டாத செல்களும் சாயமும் மிஞ்சும். ஒரே தட்டில் ஒரே கிருமியை மூன்று குழிகளில் போட்டு எண்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் இருந்தால், கிருமியைக் குறை சொல்வதற்கு முன் கழுவியதைச் சந்தேகியுங்கள். ஓரக் குழிகளில் நீர் ஆவியாகும், முடிந்தால் அவற்றை விட்டுவிடலாம். அப்புறம், சாயம் உயிருள்ள செல்லையும் செத்த செல்லையும் கொழகொழப்பையும் பாகுபாடின்றிப் பிடிக்கும். எத்தனை கிருமி உயிரோடு இருக்கிறது என்று அது சொல்லாது.

காங்கோ ரெட் அகாரில் கறுப்புக் காலனி வந்தால் பாசிட்டிவ் என்ற முறை சுலபம்தான். ஆனால் தட்டு முறையோடு பல நேரம் ஒத்துப்போவதில்லை. அதை மட்டும் வைத்து முடிவு எழுத நான் யாரையும் அனுமதிக்க மாட்டேன்.

பிசிஆரில் மரபணு இருக்கிறது, தட்டில் படலம் வரவில்லை. எங்கே தவறு?

தவறே இல்லாமலும் இருக்கலாம். பூட்டு தொங்குவதால் கதவு பூட்டியிருக்கிறது என்று ஆகாது. எபிடெர்மிடிஸில் ஐஎஸ்-256 என்ற தாவும் டிஎன்ஏ துண்டு இகா-சிக்குள் புகுந்து அதைச் செயலிழக்கச் செய்யும், பிறகு சுத்தமாக வெளியேறி மீண்டும் செயல்படவைக்கும். ஒரே கிருமியின் சந்ததியில் சில படலம் கட்டும், சில கட்டாது. ஆரியஸின் இகா-சியில் 4 எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் பகுதி உண்டு. நகலெடுக்கும்போது ஒரு பிரதி கூடினாலோ குறைந்தாலோ புரதம் பாதியில் நின்றுவிடும். இகா-ஏவையும் இகா-டியையும் மட்டும் தேடும் பிசிஆரில் இது எதுவும் தெரியாது. இதெல்லாம் இல்லாமல், தடுப்பான் மரபணு வலுவாக இருக்கலாம், நீங்கள் பயன்படுத்திய ஊடகம் அதற்குப் பொருந்தாமலும் இருக்கலாம்.

எதிர்ப்பக்கமும் நடக்கும்: பிசிஆர் நெகட்டிவ், தட்டில் அடர் ஊதா. பிரைமர் (பிசிஆரில் மரபணுவைத் தேடிப் பிடிக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) ஒட்டும் இடத்தில் மாறுபாடு இருக்கலாம், அல்லது கிருமி வேறு பாதையில் கட்டுகிறது.

அப்படியானால் ஆய்வறிக்கையில் என்ன செய்தால் முடிவு உறுதியாகும்?

குறைந்தபட்சம், மரபணு இருப்பதோடு அதன் வெளிப்பாட்டையும் ஆர்டி-க்யூபிசிஆரில் (ஆர்என்ஏவின் அளவைக் காட்டும் பிசிஆர்) பாருங்கள். ஆர்என்ஏவைப் படலத்தில் உள்ள செல்களிலிருந்து எடுக்க வேண்டும். திரவத்தில் மிதக்கும் செல்களிலிருந்து எடுத்துவிட்டுப் படலத்தைப் பற்றி எழுதும் கட்டுரைகள் என்னை நிஜமாகவே வருத்துகின்றன. ஒப்பீட்டுக்கு ஜைர்-பி போன்ற ஒரு மரபணுவை வைத்துக்கொண்டு, அது உங்கள் நிலைமையில் மாறாமல் இருக்கிறதா என்றும் சோதியுங்கள்.

ஒரு மரபணுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல வேண்டுமானால் வழி ஒன்றுதான். அதை நீக்க வேண்டும், படலம் குறைய வேண்டும், திரும்பக் கொடுக்க வேண்டும், படலம் திரும்ப வர வேண்டும். 1988இல் நுண்ணுயிரியலாளர் ஸ்டான்லி ஃபால்கோ வகுத்த மூலக்கூறு நிலை விதிகளின் சாரம் இதுவே. மருத்துவமனை மாதிரிகளில் 'இத்தனை சதவீதம் பாசிட்டிவ்' என்று மட்டும் சொன்னால் அது கணக்கெடுப்பு. கணக்கெடுப்பும் பயனுள்ளதுதான், ஆனால் அதற்குக் காரணகாரியத் தலைப்பு வைக்கக் கூடாது.

குறைந்த அளவு ஆன்டிபயாடிக் பயோஃபிலிமைத் தூண்டுமா?

தூண்டும். கொல்லப் போதாத அளவு டோப்ராமைசின், சூடோமோனாஸிலும் ஈ. கோலியிலும் படலத்தைக் கூட்டியதாக 2005இல் வெளியான ஆய்வு காட்டியது. சூடோமோனாஸில் ஏஆர்ஆர் என்ற மரபணு வழியாக, சைக்ளிக் டை-ஜிஎம்பி அளவை மாற்றி அது நடக்கிறது. மாத்திரையைப் பாதியில் நிறுத்தி, மிச்சத்தை அடுத்த முறைக்கு எடுத்து வைக்கும் பழக்கத்துக்கு எதிராகச் சொல்லப்படும் காரணங்களோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த மரபணுக்களைக் குறிவைத்து மருந்து இருக்கிறதா?

படலத்தின் சர்க்கரையை உடைக்கும் டிஸ்பெர்சின்-பி, பல் ஈறு நோய்க் கிருமி ஒன்றிலிருந்து கிடைத்தது. அதன் டிஎஸ்பி-பி மரபணுவை 2003இல் விவரித்தார்கள். பிஎன்ஏஜி சங்கிலியை அது நறுக்கும். படலம் புரதத்தால் ஆனது என்றால் பயனில்லை, மேலே எம்ஆர்எஸ்ஏ பற்றிச் சொன்னதை நினைவில் வையுங்கள். டிஎன்ஏவை உடைக்கும் டிஎன்ஏஸ், இளம் சூடோமோனாஸ் படலத்தைக் கரைத்ததாக 2002இல் காட்டினார்கள், முதிர்ந்த படலத்தில் அது எடுபடவில்லை. சிவப்புக் கடற்பாசி ஒன்றிலிருந்து கிடைத்த ஃபியூரனோன்கள் சூடோமோனாஸின் அடர்த்தி உணரியைக் குழப்புகின்றன. ஆய்வகத்தில் அருமையாக வேலை செய்யும் இப்படிப்பட்டவை நிறைய உண்டு. மருத்துவமனைப் படுக்கை வரை வழக்கமான சிகிச்சையாக வந்துசேர்ந்தவை மிகக் குறைவு.

இப்போது கைவசம் இருப்பதில், செயற்கை மூட்டில் ஸ்டஃபைலோகாக்கஸ் படலத்துக்கு எதிராக ரிஃபாம்பிசின் நன்றாக உதவுகிறது. தனியாகக் கொடுக்கவே கூடாது. ஆர்பிஓ-பி மரபணுவில் ஒரு பிறழ்வு வந்தால் போதும், மருந்து வீணாகிவிடும். அதனால் எப்போதும் இன்னொரு மருந்தோடுதான்.

வீட்டில் ஒருவருக்குக் குழாயில் பயோஃபிலிம் என்று டாக்டர் சொன்னார். மரபணுப் பரிசோதனை செய்யச் சொல்லலாமா?

வேண்டாம். சிகிச்சையை அது மாற்றப் போவதில்லை. எந்தக் கிருமி, எந்த மருந்துக்குப் பணிகிறது என்ற கல்ச்சர் முடிவுதான் தேவை. பல நாட்களாக உள்ளே இருக்கும் சிறுநீர்க் குழாய் என்றால், அதை மாற்றி, புதுக் குழாயிலிருந்து மாதிரி எடுத்தால் முடிவு நம்பகமாக இருக்கும். பழைய குழாயிலிருந்து எடுத்தால் குழாயில் ஒட்டியிருப்பதன் பட்டியல்தான் வரும். சேகரிப்புப் பையிலிருந்து எடுக்கவே கூடாது.

குழாய் இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் கிருமி சேரும் வாய்ப்பு 3 முதல் 7% வரை என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. ஆகவே தினமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: 'இந்தக் குழாய் இன்றைக்கும் தேவையா?' செவிலியரிடமோ டாக்டரிடமோ இதைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மத்திய சிரைக் கதீட்டருக்கும் இதே கேள்வி பொருந்தும். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கை கழுவுதல், முழு மறைப்போடு (தொப்பி, முகக்கவசம், கையுறை, கிருமிநீக்கிய அங்கி, விரிப்பு) கதீட்டரைப் பொருத்துதல், குளோர்ஹெக்சிடின் கொண்டு தோலைத் துடைத்தல், முடிந்தவரை தொடைப் பகுதியைத் தவிர்த்தல், தேவையில்லாததை எடுத்துவிடுதல் ஆகிய ஐந்தையும் கட்டாயமாக்கியபோது கதீட்டர் ரத்தத் தொற்று 66% வரை குறைந்ததாக 2006இல் வெளியானது. இந்த ஐந்தில் எதற்கும் மரபணு ஆய்வு தேவைப்படவில்லை.

காய்ச்சல், நடுக்கம், குழப்பமான பேச்சு, குழாய் நுழையும் இடத்தில் சிவப்பு அல்லது சீழ், குழாய் அடைத்து அடிவயிறு வீங்குவது, இவற்றில் எது வந்தாலும் காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள். இவை எதுவுமில்லாமல் சிறுநீர் கல்ச்சரில் மட்டும் கிருமி வந்திருந்தால், கர்ப்பம், சிறுநீர்ப்பாதை அறுவைசிகிச்சை போன்ற சில நிலைகள் தவிர மற்றபடி பொதுவாக ஆன்டிபயாடிக் கொடுப்பதில்லை. அப்போது 'ஏன் மருந்து தரவில்லை' என்று டாக்டரிடம் சண்டை போட வேண்டாம், அவர் செய்வது சரிதான்.